கோடைச் சாலையில் குளிர்கால டயர்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கும் என் சித்தி மகன் சித்திரை பிறந்ததும் ஒரு கேள்வி கேட்பான். பனிக்காலம் முழுக்கக் காரில் ஓடிய குளிர்கால டயர்கள் நான்கையும் கழற்றிவிட்டு வழக்கமான டயர்களை மாட்ட வேண்டிய நேரம் அது. கழற்றி மாட்டக் கூலி தனி. கழற்றியதை வைக்க அடுக்குமாடி வீட்டில் இடம் கிடையாது, அதற்கு வாடகை தனி. "பனியிலயே பிடிச்சு நிக்கிற டயருண்ணே இது. வெயில்ல நிக்காதா? வருசம் பூரா இதையே ஓட்டிட்டுப் போனா என்ன?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. உறைந்து கிடக்கும் சாலையில் வண்டியை நிறுத்திக் காட்டும் டயர், காய்ந்த தார்ச்சாலையில் இன்னும் நன்றாகவே நிறுத்தும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ரப்பர் விஷயத்தில் அது அப்படி இல்லை. அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள டொராண்டோவைவிட நம் அழகர்கோவில் சாலையே பொருத்தமான இடம். அந்த டயரை இங்கே கொண்டுவந்து மாட்டி, சித்திரை மதியத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும், ரப்பரின் குணம் முழுவதும் வெளியே வந்துவிடும். அதோடு, நாம் அன்றாடம் ஓட்டும் டயர்களுக்கு இந்த ஊர் வெயில் என்ன செய்கிறது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் அதிக அக்கறை.

மதுரையிலிருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையடிவாரத்திலிருந்து வைகைக்கு வருகிற வழி இது: கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, தல்லாகுளம். அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் அவர் பின்னால் வெறுங்காலோடு வருகிறவர்களும் அந்தத் தாரின் சூட்டைப் பாதத்தால் அறிந்தவர்கள். காற்று 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாளில், வெயில் படுகிற தார்ப்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். மார்கழி விடியற்காலையில்கூட மதுரைச் சமவெளியில் வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர்கால டயர் தயாரிப்பவர்கள் சொல்லும் எல்லைக்கோடு 7 டிகிரி. வெப்பம் அதற்குக் கீழே போன பிறகுதான் அந்த டயருக்கு வேலை ஆரம்பிக்கிறது. நம் மார்கழிக் குளிரே அந்தக் கோட்டுக்கு 10 டிகிரிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சித்திரைச் சாலையோ 50 டிகிரிக்கும் மேல்.

7 டிகிரி என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரப்பருக்குள் போக வேண்டும். மரத்திலிருந்து வடிந்த பாலை உறையவைத்து எடுத்த கச்சா ரப்பரில், நீளநீளமான மூலக்கூறு இழைகள் இடியாப்பச் சிக்கலாகப் பின்னிக் கிடக்கின்றன. வெயிலில் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க, ரப்பர் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துவிடும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்த இழைகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதைக் கண்டார். பிணைந்த பிறகு இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். நம் ஊர் பஞ்சர் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது இந்த வேலையைத்தான்.

இழைகள் நெளிந்து அசைவதற்குச் சூடு வேண்டும். வெப்பம் குறையக் குறைய அசைவு மந்தமாகும். ஒரு கட்டத்தில் அடியோடு நின்று, ரப்பர் நொறுங்கும் தன்மையுள்ள திடப்பொருளாக மாறிவிடும். அந்தக் கட்டத்தைக் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை என்பார்கள். இயற்கை ரப்பருக்கு அது ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரி. பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பருக்கு மைனஸ் 100ஐ ஒட்டி வரும். ஸ்டைரீன் கலந்த செயற்கை ரப்பரில், ஸ்டைரீனைக் கூட்டக் கூட்ட அந்த எல்லை மேலே ஏறும். கார் டயரின் சாலையைத் தொடும் பகுதி இவற்றின் கலவை. கூடவே கரித்தூளும் சிலிக்காவும் எண்ணெயும் சேரும்.

குளிர் ரப்பரை என்ன செய்யும் என்பதை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், பிப்ரவரி 11 அன்று கேமராக்களின் முன்னால், ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றை இடுக்கியில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டார். வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே விரியவில்லை. புறப்பட்ட காலையில் குளிர் கிட்டத்தட்ட உறைநிலையில் இருந்தது. அந்த ரப்பர் கண்ணாடி நிலைக்குப் போய்விடவில்லை. மந்தமானது, அவ்வளவுதான். சில விநாடி தாமதம் ஏழு உயிர்களைக் கொண்டுபோனது.

டயருக்கும் அந்த மந்தம்தான் விஷயம். இயற்கை ரப்பர் மைனஸ் 70இல்தான் விறைக்கிறது என்றால், 7 டிகிரியில் டயருக்கு ஏன் கவலை? விடை வேகத்தில் இருக்கிறது. கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பது சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சாலையைத் தொடும் இடம் நசுங்கி நிமிர்கிறது. அது மெதுவான அசைவு. பிரேக் பிடிக்கும்போது நடப்பது வேறு. டயரின் மேற்பரப்பு தாரில் புடைத்து நிற்கும் ஜல்லியின் சொரசொரப்பு மேல் நுண்ணிய அளவில் வழுக்கிக்கொண்டே போகிறது. அந்தச் சொரசொரப்பு ரப்பரை விநாடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் கூடச் சீண்டுகிறது. இவ்வளவு வேகமாகச் சீண்டினால் இழைகளுக்கு நெளிய நேரமில்லை. நேரம் குறைவதும் வெப்பம் குறைவதும் ரப்பருக்கு ஒரே விளைவைத் தருகின்றன. விநாடிக்கு லட்சம் முறை சீண்டப்படும் ரப்பர், தன் உண்மையான வெப்பநிலையைவிடப் பல பத்து டிகிரி குளிரில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. ரப்பரைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் வியக்க வைத்தது இந்த உண்மைதான்.

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரப்பர் பந்தைக் கீழே போட்டால் போட்ட உயரத்துக்கு அது எழும்புவதில்லை. நசுங்கி நிமிர்வதற்குள் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஈரச் சாலையில் டயரின் பிடிப்பு பெரும்பாலும் இந்த இழப்பில்தான் இருக்கிறது. ஜல்லியின் மேடுகளில் ரப்பர் நசுங்கி, சட்டென்று நிமிராமல் ஆற்றலை விழுங்க வேண்டும். அப்படி விழுங்குவது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வட்டத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அதற்குக் கீழே போனால் ரப்பர் விறைத்து, மேடுகளின் மேல் படியாது. அதற்கு மேலே போனால் துள்ளித் துள்ளி நிமிர்ந்துவிடும், விழுங்காது. டயர் வேதியியலாளரின் வேலை, அந்த உச்சத்தை வண்டி ஓடப்போகும் சாலையின் வெப்பத்துக்கு நேராகக் கொண்டுவந்து வைப்பது. கோடைக் கலவையில் அதை மேலே வைக்கிறார்கள். அந்த டயர் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைக்கிறது. குளிர்காலக் கலவையில் உச்சத்தைக் கீழே இறக்குகிறார்கள். சிலிக்காவைத் தாராளமாகச் சேர்ப்பதும் இதில் உதவுகிறது. கரித்தூளுக்குப் பதில் சிலிக்கா சேர்த்தால், டயர் உருளும்போது வீணாகும் ஆற்றலைக் கூட்டாமலே ஈரத்தில் பிடிப்பைக் கூட்டலாம் என்பதை மிஷ்லின் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்து காட்டியது. மிஷ்லினின் தொழிற்சாலை ஒன்று இன்று திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் இருக்கிறது.

கலவை பாதிதான். மீதி வடிவத்தில் இருக்கிறது. பனிக்கான டயர் பின்லாந்தில் பிறந்தது. 1934இல் அந்நாட்டு ரப்பர் நிறுவனம் லாரிகளுக்காகக் 'கெலிரெங்காஸ்' என்ற டயரைச் செய்தது. 1936இல் கார்களுக்கு 'ஹக்கபெலீட்டா' வந்தது. நோக்கியன் என்ற பெயரில் அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. குளிர்கால டயரின் பள்ளங்கள் ஆழமானவை, புதிதாக இருக்கும்போது 8, 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் கத்தியால் கீறியது மாதிரி மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். இந்தக் கீறல்களுக்கு 1923இல் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்ற அமெரிக்கரின் பெயராலேயே ஆங்கிலத்தில் 'சைப்' என்கிறார்கள். பனியில் கீறல்கள் விரிந்து, பனித்துகள்களைக் கவ்விக்கொள்ளும். பனிமேல் பனி ஒட்டிப் பிடிப்புத் தரும்.

இப்போது அந்த டயர் நம் சாலைக்கு வருகிறது. சித்திரை மதியம், தார் 60 டிகிரி. உள்ளே இருக்கும் காற்றும் ரப்பரும் அதற்குச் சற்று மேலேயே போகும். கலவை தன் உச்சத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. ஆற்றலை விழுங்க வேண்டிய இடத்தில் விழுங்குவதில்லை. பனியில் உதவிய கீறல்கள் இங்கே எதிரியாகின்றன. பிரேக் அழுத்தும்போது நூற்றுக்கணக்கான மெல்லிய ரப்பர் தகடுகள் முன்னும் பின்னும் சாய்ந்து, தங்களுக்குள் உரசி மேலும் சூடாகின்றன. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் மலைச்சாலையின் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், கட்டைகள் முதலில் வளைந்துகொடுத்து, பிறகுதான் வண்டி திரும்பும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் நிற்க எடுக்கும் தூரம் கூடும். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி பல முறை செய்த சோதனைகளில், கோடையில் குளிர்கால டயர் போட்ட கார் நிற்க அதிக தூரம் எடுத்துக்கொள்வதைப் பதிவு செய்திருக்கிறது. அந்தச் சோதனைகள் நடந்தது ஐரோப்பியக் கோடையில். நம் கோடை அதைவிடக் கடுமை.

தேய்மானமும் வேகமாக நடக்கும். மென்மையான கலவை, சூடான தார், ஆடும் கட்டைகள் என்று மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

சித்தி மகனுக்கு நான் சொல்லும் பதில் இங்கிருந்துதான் வருகிறது. டொராண்டோவில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 27 டிகிரி, 30ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. தார் அங்கும் சூடாகும். வருடம் முழுவதும் குளிர்கால டயரை ஓட்டினால், கோடையில் மோசமாக நிற்கும் டயரோடு ஆறு மாதம். அது தேய்ந்துபோனதால் பனியிலும் மோசமாக நிற்கும் டயரோடு அடுத்த ஆறு மாதம். பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியைக் கவ்வும் திறன் வெகுவாகக் குறைகிறது. ஆஸ்திரியாவில் அதற்குக் கீழே தேய்ந்ததைக் குளிர்கால டயராகச் சட்டமே ஏற்பதில்லை. இரண்டு செட் வைத்திருப்பது இரட்டைச் செலவும் அல்ல. ஒவ்வொன்றும் ஆண்டில் பாதிதான் ஓடுகிறது, அதனால் இரண்டும் அத்தனை காலம் கூடுதலாக உழைக்கும். மிஞ்சுவது கழற்றி மாட்டும் கூலியும் வைக்கும் இடமும். அவன் இருக்கும் ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை. ஆனால் அதை மாட்டுபவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் அங்கே விதி. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் 2008 முதல் கட்டாயம், இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. நகரத்துக்குள்ளேயே, பனி அகற்றிய சாலையில், குறைவாக ஓட்டுபவர்களுக்கு நடுவழி ஒன்றும் உண்டு. மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ பொறித்த அனைத்துப் பருவ டயர்கள். கோடையிலும் குளிரிலும் முதலிடம் வராது, இரண்டிலும் ஆபத்தாகவும் இராது.

அந்தச் சின்னத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே விற்கும் சில எஸ்யூவி டயர்களின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். சேறும் பனியும் என்று பொருள். பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி அது. பனிச்சோதனையில் தேறியதற்கு அடையாளம் மலையும் பனிப்பூவும்தான். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் வெறும் 'எம்+எஸ்' குறியைக் குளிர்கால டயர் என்று ஏற்பதில்லை. ஆகவே அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்காவது குளிர்கால டயர் தேவையா என்றால், தேவையில்லை. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி படியும், பகலில் 20 டிகிரியை ஒட்டி ஏறிவிடும். மலை இறக்கத்தில் காப்பாற்றுவது கியரைக் குறைத்து ஓட்டுவது.

நம் சமவெளியின் டயர் நோய் வெப்பம். அதற்கு உலகம் கண்ட பெரிய சாட்சி அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளிப்பட்டது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய ஃபயர்ஸ்டோன் டயர்களில், மேல் பட்டை உள்ளிருக்கும் இரும்பு வலையிலிருந்து ஓட்டத்திலேயே கழன்றது. வண்டிகள் உருண்டன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. விபத்துகள் நாடெங்கும் சீராகப் பரவவில்லை. டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா என்று வெயில் மாநிலங்களில் குவிந்தன. வண்டி நிறுவனம் பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. டயர் நிறுவனம் அது போதாது என்றது, வண்டி நிறுவனம் டயரின் தயாரிப்பையே குறை சொன்னது. தயாரிப்புக் குறை, குறைந்த காற்று, பாரம், வேகம், வெயில் ஆகியவை ஒன்றின்மேல் ஒன்று ஏறின என்பதுதான் நான் படித்ததிலிருந்து எடுத்துக்கொள்வது. அந்தத் துயரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால்தான், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்கப் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமானது.

காற்று குறைந்தால் ஏன் சூடாகிறது? டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. வளைந்து நிமிர்வதில் ஆற்றல் வெப்பமாவதை முன்பே பார்த்தோம். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே பிறந்த சூடு வெளியேறாமல் பட்டைகள் சேரும் விளிம்பில் தேங்குகிறது. அங்கே ரப்பரையும் இரும்பையும் ஒட்டவைத்திருக்கும் பிணைப்பு தளர்கிறது. திருவிழா நாட்களில் ஆட்களை அடைத்துக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போகும் வேன்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் பின் டயரின் வயிற்றுக்குத்தான் போகும். சாலையோடு பிதுங்கி நிற்கும் டயர் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன்மேலேயே எண்ணாக இருக்கிறது. 82 என்றிருந்தால் 475 கிலோ, 91 என்றால் 615 கிலோ. அந்த எண் முழுக் காற்று இருக்கும்போது மட்டுமே உண்மை.

சாலை போடுகிறவர்களும் இதே வெப்பக் கணக்கைத்தான் போடுகிறார்கள். தாரை அதன் பிசுபிசுப்பை வைத்துத் தரம் பிரித்து, ஊரின் கோடை வெப்பத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க இந்தியத் தர நிர்ணயம் வழி சொல்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் கழிவு பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, அதன்பின் தாரைக் கலக்கும் முறையைக் கண்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய முறை பிளாஸ்டிக்கை ஒழிக்கும் வழியாகவே பேசப்படுகிறது. எனக்கு அதன் இன்னொரு பக்கமே முக்கியம். அந்தக் கலவை வெயிலில் சீக்கிரம் இளகுவதில்லை. சாலைக்கு ஊர் வெயிலைப் பார்த்து மருந்து தேடிய ஊர் இது. டயருக்கும் அந்தக் கவனத்தைத் தர வேண்டும்.

டயர் செய்யும் தொழிலும் இங்கே தூரத்துச் செய்தி அல்ல. அழகர்மலைக்குத் தெற்கே, மதுரை–மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் ஆலை இருக்கிறது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளின் டயர்கள் அங்கே உருவாகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் தேய்ந்த டயர்களுக்கு மறுபட்டை போடும் தொழிலில் இறங்கியிருந்தது. மறுபட்டை என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஒழுங்காகச் சோதித்த பழைய டயர்க் கூட்டில், ஒழுங்காகப் போட்ட மறுபட்டை நல்ல தொழில்நுட்பம். பேருந்தும் லாரியும் உலகெங்கும் அதில் ஓடுகின்றன. கெட்டுப்போன கூட்டின்மேல் போடுவதுதான் கொலை.

ஐப்பசியில் கதை மாறும். கோடையில் சாலையில் படிந்த எண்ணெய், தூசி, ரப்பர் துகள் எல்லாம் முதல் மழையில் குழம்பி வழுக்கும். பிறகு அடைமழையில் தேங்கும் நீரை டயரின் பள்ளங்கள் வெளியேற்ற வேண்டும். வெளியேற்ற முடியாத வேகத்தில் டயர் நீரின்மேல் மிதக்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். 1960களில் நாசாவில் வால்டர் ஹார்ன் விமான டயர்களைச் சோதித்து அந்த வேகத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். அது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீர் நிறைந்த சாலையில் தேய்ந்த டயரில் 32 பிஎஸ்ஐ இருந்தால் மிதக்கும் வேகம் ஏறத்தாழ மணிக்கு 94 கிலோமீட்டர். 24 பிஎஸ்ஐ என்றால் 82. சித்திரையில் சூட்டைக் கூட்டிய அதே காற்றுக் குறைவு ஐப்பசியில் மிதக்க வைக்கிறது. நத்தம் சாலையின் ஏழு கிலோமீட்டர் மேம்பாலத்தில் மழையில் பறக்கும் கார்களில் எத்தனையில் காற்று சரியாக இருக்கும் என்று யோசிக்கும்போது எனக்குப் பதறுகிறது. நம் மோட்டார் வாகன விதி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் கேட்கிறது, இருசக்கர வண்டிக்கு 0.8. பள்ளத்தின் அடியில் சிறு மேடு ஒன்று வார்த்திருப்பார்கள். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் விதி மீறியாயிற்று. மழைக்கு முன் அந்த எல்லையை நெருங்கும் டயரை நான் மாற்றிவிடச் சொல்வேன்.

மொட்டை டயர் கண்ணுக்குத் தெரியும். வயதான டயர் தெரியாது. ஆக்சிஜன் ரப்பர் இழைகளை மெல்ல மெல்லச் சேதப்படுத்துகிறது, ஓசோன் மேற்பரப்பில் வெடிப்பு உண்டாக்குகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பொது விதி. குளிர்நாட்டில் எழுதப்பட்ட ஆயுள் கணக்கு மதுரை வெயிலில் நிற்கும் வண்டிக்கு அப்படியே பொருந்தாது. பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் இருந்தாலும் ஆறு ஆண்டில் மாற்றிவிடுங்கள் என்று கார் நிறுவனங்கள் பலவும் சொல்கின்றன. இந்த ஊருக்கு அதை உச்சவரம்பாகவே கொள்ளலாம். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் வயது ஏறுகிறது. நடுவழியில் பஞ்சராகி, பத்து வயதான ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நாற்கரச் சாலையில் நூறில் போவது ஆபத்து.

புது டயர் வாங்கும்போது வெப்பத்துக்காகப் பார்க்க ஒரு குறி இருக்கிறது. அமெரிக்கத் தர முறையில் டயர் வெப்பத்தைத் தாங்கி வெளியேற்றும் திறனை ஏ, பி, சி என்று பிரித்துப் பக்கவாட்டில் 'டெம்பரேச்சர்' என்ற சொல்லோடு அச்சிடுவார்கள். இங்கே விற்கும் கார் டயர்கள் பலவற்றிலும் அது இருக்கிறது. ஏ இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இந்திய அரசு 2022இல் அறிவித்த விதிகள் ஈரத்தில் பிடிப்பு, உருளும்போது வரும் தடை, ஓசை மூன்றுக்கும் அளவு வைத்தன. நல்ல தொடக்கம். சூட்டைத் தாங்குவதற்கும் வாங்குபவர் கண்ணில் படும்படி ஒரு சின்னம் வேண்டும் என்பது என் கட்சி. பனி நாடுகள் தங்கள் குளிருக்கு மலையும் பனிப்பூவும் வரைந்துகொண்டன. வெயில் நாடான நாம் நம் வெயிலுக்கு ஒன்று வரையலாம்.

அதுவரை நம் கையில் இருப்பது காற்று. இங்கே பெட்ரோல் பங்குகளில் தினமும் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். விடியற்காலை 27 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், நடுப்பகலில் வேகமாக ஓடி உள்ளே 67 டிகிரிக்குச் சூடேறினால் 38 காட்டும். காற்று புதிதாக நுழையவில்லை, சூட்டில் அழுத்தம் கூடியிருக்கிறது. டயர் அதைத் தாங்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. "வெயில் காலம், காத்து ஜாஸ்தியா இருக்கு, வெடிச்சிரும்" என்று பங்கில் ஆறு பிஎஸ்ஐயை இறக்கி 32க்குக் கொண்டுவருவார்கள். இரவு டயர் ஆறும்போது அது 26 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும். டெக்சாஸ் வெயிலில் பட்டை கழன்ற டயர்களுக்குப் பரிந்துரைத்திருந்தது அந்த அழுத்தம்தான். ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்ற பிறகு, அல்லது காலையில் கிளம்பும் முன், ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய தகட்டில் இருக்கும் எண்ணுக்குச் சரிபாருங்கள். ஆள் ஏற்றிப் போவதானால் அதே தகட்டில் முழுப் பாரத்துக்கென்று தனி எண் இருக்கும், அதை வையுங்கள். கையடக்க அளவி ஒன்று வண்டியில் இருந்தால் இதற்குப் பங்கு வரை போகவும் வேண்டியதில்லை.